இன்சுலினும் இருபது அமினோ அமிலங்களும்: புரதத்துக்கு வடிவம் கிடைப்பது எப்படி?

டொரன்டோ நகரின் வடகிழக்கு எல்லையில், ஸ்கார்பரோவும் மார்க்கமும் ஸ்டீல்ஸ் அவென்யூவில் சந்திக்கும் பகுதி மில்லிக்கன். இலங்கைத் தமிழர்கள் கணிசமாக வாழும் இப்பகுதியில் இன்சுலின் என்பது பாடப்புத்தகத்தில் மட்டும் காணப்படும் சொல் அல்ல. பல வீடுகளின் குளிர்சாதனப் பெட்டியில் அது அன்றாடப் பொருளாக இருக்கிறது.

தெற்காசியப் பின்னணி கொண்டவர்களுக்கு இரண்டாம் வகை நீரிழிவு நோய் ஏற்படும் அபாயம் அதிகம் என்று கனேடிய மருத்துவ வழிகாட்டுதல்கள் கூறுகின்றன. மாத்திரைகளால் மட்டும் சர்க்கரையின் அளவைக் கட்டுப்படுத்த முடியாத நிலையில், அவர்களில் பலர் இன்சுலின் ஊசிக்கு மாறுகின்றனர்.

அவ்வாறு மாறுபவர்களுக்குச் சில கேள்விகள் எழுகின்றன. சாப்பாட்டுக்கு முன் போடும் இன்சுலினும், நாளுக்கு ஒருமுறை போடும் இன்சுலினும் பார்வைக்குத் தெளிந்த நீராகவே இருக்கின்றன. ஆனால் ஒன்று சில மணி நேரமும், மற்றொன்று ஏறக்குறைய ஒரு நாள் முழுவதும் வேலை செய்வது ஏன்? இரண்டையும் ஒரே ஊசியில் கலக்கக் கூடாது என்று எச்சரிக்கப்படுவது ஏன்? கண்டுபிடிக்கப்பட்டு நூறு ஆண்டுகள் கடந்த பின்னரும் இன்சுலினை ஒரு சாதாரண மாத்திரையைப் போல விழுங்க முடியாதிருப்பது ஏன்?

இவை அனைத்துக்குமான விடை, இன்சுலின் ஒரு புரதம் என்பதில் அடங்கியிருக்கிறது. ஒரு புரதம் செய்யும் வேலை அதன் வடிவத்தைப் பொறுத்தது. அந்த வடிவமோ, அதில் எந்தெந்த அமினோ அமிலங்கள் எந்த வரிசையில் கோக்கப்பட்டுள்ளன என்பதைப் பொறுத்தது.

டொரன்டோவில் தொடங்கிய ஆய்வு

மில்லிக்கனிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர் தொலைவில் உள்ள டொரன்டோ பல்கலைக்கழகத்தில்தான், 1921ஆம் ஆண்டு ஃபிரெடரிக் பான்டிங்கும் சார்ல்ஸ் பெஸ்ட்டும் நாய்களின் கணையத்திலிருந்து எடுத்த சாற்றைக் கொண்டு சோதனைகளைத் தொடங்கினர். உடலியல் பேராசிரியர் ஜே.ஜே.ஆர். மக்லவுட்டின் ஆய்வுக்கூடத்தில் இந்தப் பணி நடந்தது.

1922ஆம் ஆண்டு ஜனவரி 11ஆம் தேதி, டொரன்டோ பொது மருத்துவமனையில் இருந்த லெனார்ட் தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு அந்தச் சாறு செலுத்தப்பட்டது. அதில் கலந்திருந்த மாசுகள் காரணமாக எதிர்பார்த்த பலன் கிடைக்கவில்லை. உயிர்வேதியியலாளர் ஜேம்ஸ் காலிப், ஆல்கஹாலின் அளவை மாற்றி மாற்றி, இன்சுலினை மட்டும் படியச் செய்து சாற்றைத் தூய்மைப்படுத்தினார். ஜனவரி 23ஆம் தேதி மீண்டும் ஊசி போடப்பட்டபோது சிறுவனின் இரத்தத்தில் சர்க்கரை குறைந்தது.

1923ஆம் ஆண்டுக்கான மருத்துவ நோபல் பரிசு பான்டிங்குக்கும் மக்லவுட்டுக்கும் வழங்கப்பட்டது. காப்புரிமை ஆளுக்கு ஒரு டாலர் என்ற விலையில் பல்கலைக்கழகத்துக்கே அளிக்கப்பட்டது.

எனினும், உயிரைக் காக்கும் இந்தப் பொருள் உள்ளே எவ்வாறு அமைந்திருக்கிறது என்பது அப்போது எவருக்கும் தெரியாது. அதற்கான விடை 1950களில், பிரிட்டனின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ஃபிரெடரிக் சாங்கர் நடத்திய ஆய்வுகளில் கிடைத்தது. மாட்டின் இன்சுலினில் உள்ள அமினோ அமிலங்களின் வரிசையை அவர் முழுமையாகக் கண்டறிந்தார். உலகில் முழு வரிசையும் அறியப்பட்ட முதல் புரதம் இன்சுலின்தான். இதற்காக 1958ஆம் ஆண்டு சாங்கருக்கு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

இன்சுலினில் மொத்தம் 51 அமினோ அமிலங்கள் உள்ளன. 21 அமினோ அமிலங்கள் கொண்ட 'ஏ' சங்கிலியும், 30 கொண்ட 'பி' சங்கிலியும் கந்தகப் பாலங்களால் இணைக்கப்பட்டிருக்கின்றன.

இருபது அமிலங்கள், நான்கு குடும்பங்கள்

மனித உடலின் புரதங்கள் பெரும்பாலும் இருபது வகை அமினோ அமிலங்களால் ஆனவை. ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு கார்பன் அணு இருக்கிறது. அதனுடன் ஓர் அமினோ தொகுதி, ஓர் அமிலத் தொகுதி, ஒரு ஹைட்ரஜன் அணு, ஒரு பக்கச்சங்கிலி ஆகியவை இணைந்திருக்கின்றன. முதல் மூன்றும் எல்லாவற்றுக்கும் பொதுவானவை. வேறுபடுவது பக்கச்சங்கிலி மட்டுமே. ஒவ்வோர் அமிலத்தின் குணத்தையும் தீர்மானிப்பதும் அதுதான்.

பக்கச்சங்கிலி தண்ணீருடன் எப்படி நடந்துகொள்கிறது, அதற்கு மின்னூட்டம் உண்டா என்பவற்றைக் கொண்டு விஞ்ஞானிகள் இந்த இருபதையும் நான்கு குடும்பங்களாகப் பிரிக்கின்றனர்.

முதல் குடும்பம் தண்ணீரை விலக்குபவை. கிளைசின், அலனின், வாலின், லியூசின், ஐசோலியூசின், மெத்தியோனின், ஃபினைல்அலனின், டிரிப்டோஃபான், புரோலின் ஆகிய ஒன்பதும் வழக்கமாக இதில் சேர்க்கப்படுகின்றன. ரசத்தின் மேல் நெய்த்துளிகள் ஒன்றுசேர்வது போல, இவற்றில் பல தண்ணீரைத் தவிர்த்துப் புரதத்தின் உட்பகுதியில் கூடுகின்றன.

இரண்டாவது குடும்பத்துக்கு மின்னூட்டம் இல்லை, ஆனால் தண்ணீருடன் உறவு உண்டு. செரின், திரியோனின், சிஸ்டீன், டைரோசின், அஸ்பராஜின், குளூட்டமின் ஆகிய ஆறும் இதைச் சேர்ந்தவை. இவற்றில் சிஸ்டீனில் கந்தகம் இருப்பதால், இரண்டு சிஸ்டீன்கள் கைகோத்து ஒரு பாலத்தை அமைக்க முடியும். இன்சுலினின் இரு சங்கிலிகளைப் பிணைப்பவை இத்தகைய பாலங்களே.

மூன்றாவது குடும்பம் அமிலத்தன்மை கொண்டது. அஸ்பார்ட்டிக் அமிலம், குளூட்டாமிக் அமிலம் என்ற இரண்டு மட்டுமே இதில் உள்ளன. உடலின் இயல்பான சூழலில் இவை எதிர்மின்னூட்டம் பெறுகின்றன. நான்காவது குடும்பம் காரத்தன்மை கொண்ட லைசின், ஆர்ஜினின், ஹிஸ்டிடின். இவற்றில் முதல் இரண்டும் நேர்மின்னூட்டம் தாங்கியவை. ஹிஸ்டிடின் சூழலுக்கு ஏற்ப மின்னூட்டத்தைப் பெறவும் இழக்கவும் கூடியது.

குடும்பத்துக்குள்ளேயே தனிக்குணம் கொண்டவர்களும் உண்டு. கிளைசினின் பக்கச்சங்கிலி வெறும் ஒரு ஹைட்ரஜன் அணு. எனவே மற்றவை நுழைய முடியாத இடத்திலும் அது அமரும். புரோலினின் பக்கச்சங்கிலியோ வளைந்து சென்று தன் நைட்ரஜனையே பிடித்துக்கொள்வதால், அது இருக்கும் இடத்தில் சங்கிலி எளிதில் வளைந்து கொடுக்காது.

சத்துணவு நோக்கில் வேறொரு வகைப்பாடும் இருக்கிறது. இருபதில் ஒன்பதை உடல் தானே தயாரிக்க முடியாது. உணவிலிருந்தே பெற வேண்டும். இவை இன்றியமையாத அமினோ அமிலங்கள் எனப்படுகின்றன. அரிசியில் லைசின் குறைவு. பருப்பு வகைகளில் லைசின் போதிய அளவு உண்டு, ஆனால் மெத்தியோனின் குறைவு. அரிசியும் உளுந்தும் சேர்ந்த இட்லியில் ஒன்றின் குறையை மற்றொன்று ஈடுசெய்கிறது.

வடிவத்தின் நான்கு நிலைகள்

ஓர் அமினோ அமிலத்தின் அமிலத் தொகுதியும் அடுத்ததன் அமினோ தொகுதியும் இணையும்போது ஒரு தண்ணீர் மூலக்கூறு வெளியேறுகிறது. அங்கு உருவாவது பெப்டைட் பிணைப்பு. இப்படிக் கோக்கப்பட்ட அமிலங்களின் வரிசை, புரதத்தின் முதல்நிலைக் கட்டமைப்பு ஆகும்.

இந்தச் சங்கிலி நேர்க்கோடாக இருப்பதில்லை. சில பகுதிகள் சுருளாகவும், சில பகுதிகள் அருகருகே அமைந்த மடிப்புத் தகடாகவும் அமைகின்றன. ஹைட்ரஜன் பிணைப்புகள் இவற்றைத் தாங்கிப் பிடிக்கின்றன. இது இரண்டாம்நிலை. ஆல்ஃபா சுருள், பீட்டா தகடு என்று அழைக்கப்படும் இவ்வமைப்புகளை 1951ஆம் ஆண்டு லைனஸ் பாலிங் குழுவினர் விவரித்தனர். இன்சுலினின் 'ஏ' சங்கிலியில் இரண்டு சிறு சுருள்களும் 'பி' சங்கிலியில் ஒரு சுருளும் உள்ளன.

சுருள்களும் தகடுகளும் மேலும் மடிந்து முழு வடிவம் பெறுவது மூன்றாம்நிலை. தண்ணீரை விலக்கும் அமிலங்கள் உள்ளே ஒதுங்குவதும், மின்னூட்டம் கொண்டவை பெரும்பாலும் வெளியே நிற்பதும் இந்த மடிப்புக்கு முக்கியக் காரணம்.

மடிந்த சங்கிலிகள் ஒன்றுடன் ஒன்று கூடுவது நான்காம்நிலை. இரத்தத்தில் ஆக்ஸிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினில் நான்கு சங்கிலிகள் கூடியிருக்கின்றன. கணையத்தில் இன்சுலின் சேமித்து வைக்கப்படும்போது, துத்தநாகத்தைச் சுற்றி ஆறு இன்சுலின் மூலக்கூறுகள் ஒன்றாகத் திரள்கின்றன. ஆனால் உடலில் வேலை செய்வது தனித்த மூலக்கூறு மட்டுமே. இந்தச் சேர்க்கையும் பிரிவுமே பிற்காலத்தில் புதிய இன்சுலின்களை வடிவமைக்க வழிகாட்டின.

சென்னையின் பங்களிப்பு

ஒரு புரதச் சங்கிலி எந்தெந்த வகையில் மடிய முடியும், எந்தெந்த வகையில் மடியவே முடியாது என்பதற்கான அடிப்படை விதி சென்னையில் உருவானது.

1952ஆம் ஆண்டு சென்னைப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறைத் தலைவராகப் பொறுப்பேற்ற ஜி.என். ராமச்சந்திரன், தோல், எலும்பு, தசைநாண் ஆகியவற்றில் உள்ள கொலாஜன் என்ற புரதத்தை ஆராய்ந்தார். கோபிநாத் கர்த்தாவுடன் இணைந்து 1954, 1955ஆம் ஆண்டுகளில் அவர் வெளியிட்ட கட்டுரைகள், மூன்று இழைகள் கயிறு போல முறுக்கிக்கொண்ட அமைப்பை முன்வைத்தன. கொலாஜனில் ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் கிளைசின் வருவதன் காரணமும் இதில் விளங்கியது. கயிற்றின் நடுவே உள்ள குறுகிய இடத்தில் கிளைசினைத் தவிர வேறெதற்கும் இடமில்லை.

அடுத்து, சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகியோருடன் சேர்ந்து 1963ஆம் ஆண்டு அவர் வெளியிட்ட வரைபடம் உலகப் புகழ் பெற்றது. சங்கிலியின் ஒவ்வோர் அமினோ அமிலத்திலும் சுழலக்கூடிய இரண்டு பிணைப்புகள் உள்ளன. அந்த இரு சுழற்சிக் கோணங்களையும் வரைபடமாக்கி, அணுக்கள் ஒன்றோடொன்று மோதாமல் இருக்கக்கூடிய பகுதிகளை அவர்கள் கணக்கிட்டுக் காட்டினர். ஆல்ஃபா சுருளும் பீட்டா தகடும் அனுமதிக்கப்பட்ட பகுதிகளுக்குள் சரியாக விழுந்தன. கிளைசினுக்குப் பரந்த இடமும் புரோலினுக்குக் குறுகிய இடமும் இருப்பதையும் இந்த முறை தெளிவாக்குகிறது.

இன்றளவும் உலகின் எந்த ஆய்வுக்கூடத்திலும் ஒரு புரதத்தின் வடிவம் கண்டறியப்பட்டால், அது நம்பத்தக்கதா என்பதைச் சரிபார்க்க 'ராமச்சந்திரன் வரைபடம்' பயன்படுத்தப்படுகிறது. ராமச்சந்திரன் 2001ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் சென்னையில் காலமானார்.

இன்சுலினின் முப்பரிமாண வடிவம் 1969ஆம் ஆண்டு ஆக்ஸ்ஃபோர்டில் டோரதி ஹாட்ஜ்கின் குழுவினரால் கண்டறியப்பட்டது. அந்தக் குழுவில் இடம்பெற்றிருந்த இந்தியரான எம். விஜயன், பின்னர் பெங்களூரில் உள்ள இந்திய அறிவியல் கழகத்தில் புரதப் படிகவியல் ஆய்வை வளர்த்தெடுத்தார்.

இடம் மாறினால் குணம் மாறும்

அமினோ அமிலம் மாறும்போதெல்லாம் புரதத்தின் வேலை மாறுவதில்லை; எந்த இடத்தில் எது மாறுகிறது என்பதே முக்கியம். பன்றியின் இன்சுலின் மனித இன்சுலினிலிருந்து ஓர் அமினோ அமிலத்திலும், மாட்டின் இன்சுலின் மூன்றிலும் மட்டுமே வேறுபடுகின்றன. அவை வேலைக்கு இன்றியமையாத இடங்கள் அல்ல. இதனால்தான் பல பத்தாண்டுகள் விலங்குகளின் இன்சுலின் மனிதர்களைக் காப்பாற்றியது. பாக்டீரியாவைக் கொண்டு தயாரிக்கப்பட்ட மனித இன்சுலினுக்கு 1982ஆம் ஆண்டு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

இதற்கு மாறாக, ஒரே ஓர் இடம் மாறி நோய் உண்டாவதும் உண்டு. ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியில் ஆறாவது இடத்தில் எதிர்மின்னூட்டம் கொண்ட குளூட்டாமிக் அமிலம் இருக்க வேண்டும். அங்கு தண்ணீரை விலக்கும் வாலின் வந்துவிட்டால், ஆக்ஸிஜனை இழந்த ஹீமோகுளோபின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஒட்டி நீண்ட இழைகளாகின்றன. சிவப்பணுக்கள் அரிவாள் போல வளைகின்றன. தமிழ்நாட்டின் நீலகிரி மலைப் பழங்குடியினரிடையே இந்த அரிவாள் அணுக் கூறு இருப்பது 1952ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்டது.

மருந்தியல் வல்லுநர்கள் இதே விதியை இன்சுலினில் நன்மைக்காகப் பயன்படுத்தினர். ஊசி மருந்திலும் இன்சுலின் அறுவர் கூட்டமாகவே இருக்கிறது. அது தனித்தனியாகப் பிரிந்த பிறகே இரத்தத்தில் விரைவாகக் கலக்கும். 'பி' சங்கிலியின் 28ஆவது இடத்தில் உள்ள புரோலின், மூலக்கூறுகள் இரண்டிரண்டாக ஒட்டிக்கொள்ள உதவும் இடங்களில் ஒன்று.

லிஸ்ப்ரோ என்ற இன்சுலினில் 28ஆவது புரோலினும் 29ஆவது லைசினும் இடம் மாற்றப்பட்டன. அஸ்பார்ட் என்ற இன்சுலினில் அந்தப் புரோலினுக்குப் பதிலாக அஸ்பார்ட்டிக் அமிலம் வைக்கப்பட்டது. இரண்டிலும் ஒட்டும் தன்மை குறைந்து, இன்சுலின் விரைவாகப் பிரிந்து வேலையைத் தொடங்குகிறது. சாப்பாட்டை ஒட்டி இவற்றைப் போட முடிவது இதனால்தான்.

நீண்ட நேரம் வேலை செய்யும் கிளார்ஜினில் எதிர்த்திசை உத்தி கையாளப்பட்டது. 'பி' சங்கிலியின் முடிவில் நேர்மின்னூட்டம் கொண்ட இரண்டு ஆர்ஜினின்கள் சேர்க்கப்பட்டன. அமிலத்தில் சிதையக்கூடிய ஓர் அஸ்பராஜினுக்குப் பதிலாகக் கிளைசின் வைக்கப்பட்டது. இதன் விளைவாக, குப்பியில் உள்ள மிதமான அமிலக் கரைசலில் அது தெளிவாகக் கரைந்திருக்கிறது. தோலுக்கு அடியில், அமிலத்தன்மை நீங்கிய சூழலில், நுண்துகள்களாகப் படிந்து சிறிது சிறிதாகக் கரைகிறது. அதை வேறு இன்சுலினுடன் ஒரே ஊசியில் கலந்தால், கரைசலின் அமிலத்தன்மை மாறி இந்தக் கணக்கு குலைந்துவிடும்.

இன்சுலினின் வேகத்தைக் குறைக்கும் முயற்சியும் டொரன்டோவுக்குப் புதிதல்ல. டொரன்டோ பல்கலைக்கழகத்தின் கானாட் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய டி.ஏ. ஸ்காட், இன்சுலின் படிகமாவதற்குத் துத்தநாகம் உதவுவதை 1934ஆம் ஆண்டு காட்டினார். டென்மார்க்கின் ஹாகடோர்ன், ஆர்ஜினின் நிறைந்த புரோட்டமின் என்ற மீன் புரதத்தை இன்சுலினுடன் சேர்த்து அதன் வேகத்தைக் குறைத்திருந்தார். 1936ஆம் ஆண்டு ஸ்காட்டும் ஏ.எம். ஃபிஷரும் அதில் துத்தநாகத்தையும் சேர்த்து, இன்னும் நீண்ட நேரம் நீடிக்கும் இன்சுலினை உருவாக்கினர். மில்லிக்கன் வழியே செல்லும் ஸ்டீல்ஸ் அவென்யூவில் மேற்கே சென்றால், டஃபரின் வீதிச் சந்திப்பில் கானாட் ஆய்வுக்கூடத்தின் பழைய பண்ணை நிலத்தில் இன்று தடுப்பூசி ஆலை இயங்குகிறது.

மாத்திரை ஏன் சாத்தியமாகவில்லை?

உணவுப் பாதைக்கு இன்சுலினும் ஒரு துண்டு இறைச்சியும் ஒன்றுதான். இரண்டும் புரதங்கள், இரண்டும் வெட்டப்பட வேண்டியவை. கணையத்திலிருந்து வரும் டிரிப்சின் என்ற நொதி, லைசினும் ஆர்ஜினினும் உள்ள இடங்களைத் தேடி வெட்டுகிறது. கைமோடிரிப்சின் பெரும்பாலும் ஃபினைல்அலனின், டைரோசின், டிரிப்டோஃபான் உள்ள இடங்களில் வெட்டுகிறது. இன்சுலினில் இத்தகைய இடங்கள் பல உள்ளன. வெட்டுக்குத் தப்பும் சிறிதளவும் குடல் சுவரை எளிதில் கடப்பதில்லை.

பான்டிங் எதிர்கொண்ட சிக்கலும் இதுவே. கணையத்தின் செரிமான நொதிகள் அதன் உள்ளே இருக்கும் மருந்தை அழித்துவிடுகின்றன என்று கருதித்தான், நாய்களின் கணைய நாளத்தைக் கட்டிவிடும் யோசனையுடன் அவர் தன் ஆய்வைத் தொடங்கினார்.

உறைபனியும் வெயிலும்

வரிசை அப்படியே இருந்தாலும், மடிப்பு குலைந்தால் புரதம் பயனற்றுப் போகும். வேகவைத்த முட்டையின் வெள்ளைக்கரு மீண்டும் நீர்மமாவதில்லை என்பது அனைவரும் அறிந்தது. அதிக வெப்பம், உறைதல், கடுமையான குலுக்கல் ஆகியவை இன்சுலினின் மடிப்பைக் குலைத்து, மூலக்கூறுகளை இழைகளாகத் திரளச் செய்யக்கூடும்.

எனவேதான் திறக்கப்படாத இன்சுலினை 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில் வைக்க வேண்டும், உறையவிடக் கூடாது என்று அறிவுறுத்தப்படுகிறது. டொரன்டோவின் குளிர்காலத்தில் காரில் விட்டுச் செல்லப்படும் இன்சுலின் உறைந்துபோகலாம். ஒருமுறை உறைந்த இன்சுலின், உருகிய பின் பார்க்கத் தெளிவாக இருந்தாலும் பயன்படுத்தத் தக்கது அல்ல. யாழ்ப்பாணத்துக்கோ சென்னைக்கோ செல்பவர்கள் அதைச் சரக்குப் பெட்டியில் வைக்காமல் கைப்பையில் எடுத்துச் செல்வதும், வெயில் படாமல் காப்பதும் அவசியம். பயன்பாட்டில் உள்ள இன்சுலினை அறை வெப்பநிலையில் எத்தனை நாள் வைத்திருக்கலாம் என்பது வகைக்கு வகை வேறுபடும். ஒவ்வொன்றின் பெட்டியிலும் உள்ள குறிப்பையே பின்பற்ற வேண்டும்.

அடுத்த கட்டம்

ஒரு புரதத்தின் வடிவத்தை அறிய முன்பு பல ஆண்டுகள் தேவைப்பட்டன. அமினோ அமில வரிசையைக் கொண்டே வடிவத்தைக் கணிக்கும் ஆல்ஃபாஃபோல்ட் என்ற கணினி முறையை உருவாக்கிய டெமிஸ் ஹசாபிஸ், ஜான் ஜம்பர் ஆகியோருக்கும், புதிய புரதங்களை வடிவமைத்த டேவிட் பேக்கருக்கும் 2024ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. அதே ஆண்டில், வாரத்துக்கு ஒருமுறை மட்டும் போட வேண்டிய ஐகோடெக் என்ற இன்சுலினுக்குக் கனடா அனுமதி அளித்தது. அதிலும் சில அமினோ அமிலங்கள் மாற்றப்பட்டு, ஒரு கொழுப்பு அமிலத் தொடர் இணைக்கப்பட்டிருக்கிறது.

இவ்வாறு பெருகிவரும் இன்சுலின் வகைகள் பெயரளவில் ஒன்றுபோலத் தோன்றினாலும், ஒன்றுக்குப் பதில் மற்றொன்றைப் போட்டுக்கொள்ளத் தக்கவை அல்ல. உறவினர் ஒருவருக்கு எழுதப்பட்ட இன்சுலினை மற்றொருவர் பயன்படுத்துவதும், மருத்துவரைக் கேளாமல் வகையை மாற்றுவதும் சர்க்கரையை ஆபத்தான அளவுக்குக் குறைக்கவோ கூட்டவோ கூடும். அமினோ அமில வரிசையில் செய்யப்பட்ட சில மாற்றங்களே பெரும்பாலும் அவற்றுக்கிடையே உள்ள வேறுபாடு. நோயாளியின் உடலில் அது மணிக்கணக்கான வேறுபாடாக வெளிப்படுகிறது.